அறியாமை நியாயமாகுமா?
அவுஸ்திரேலிய ஆதிக்குடிகளும் 2023ஆம் ஆண்டின் தீர்ப்பும்

(வாசிகசாலைக் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கடல் கடந்த ஒரு நாட்டைப் பற்றியது. ஆயினும் அந்நாடு நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. நம்மவர் பலருடைய பிள்ளைகளும் சகோதரர்களும் சிட்னியிலும் மெல்பேணிலும் குடியிருக்கின்றனர். அந்நாட்டுப் பிரசைகளாகி வாக்குரிமையும் பெற்றிருக்கின்றனர். 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 14ஆந் திகதி, ஒரு சனிக்கிழமை, அவர்களும் வாக்குச்சாவடிக்குச் சென்றார்கள். அந்த மண்ணின் ஆதிக்குடிகள் தம்மைப் பாதிக்கும் காரியங்களில் பாராளுமன்றத்துக்கும் அரசாங்கத்துக்கும் தமது எண்ணத்தை எடுத்துக் கூறுவதற்கு, அரசியலமைப்பிலே ஒரு சபை இருக்கலாமா என்பதே அன்று கேட்கப்பட்ட கேள்வி. நாடு "வேண்டாம்" என்று விடையிறுத்தது. அந்த விடை எவ்வாறு பிறந்தது, அதைக் கேட்ட மக்கள் எவ்வாறு நடந்துகொண்டார்கள், அதிலிருந்து நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது யாது என்பனவற்றைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

மனுக்களின் வரலாறு

அன்பர்களே! இந்தக் கோரிக்கை 2023ஆம் ஆண்டிலே திடீரென்று முளைத்ததன்று. மெல்பேண் நகரின் ஒரு பகுதியிலே வில்லியம் கூப்பர் என்னும் ஆதிக்குடி முதியவர் வாழ்ந்தார். அவர் முப்பதுகளிலே தம் மக்களிடம் கையொப்பம் திரட்டத் தொடங்கினார். பிரித்தானிய மன்னருக்கு விண்ணப்பிப்பதே அவர் நோக்கம். தம் இனம் அழியாமற் காக்க வேண்டும், தம் மக்களின் வாழ்க்கை நிலை உயர வேண்டும், சமஷ்டிப் பாராளுமன்றத்திலே தமக்கு ஒரு பிரதிநிதி வேண்டும் என்பன அவர் கேட்டவை. 1,814 பேர் ஒப்பமிட்ட அந்த விண்ணப்பம் 1937இல் அரசாங்கத்தின் கையிற் கொடுக்கப்பட்டது. 1938இல் மந்திரிசபை கூடி, அதனை மன்னருக்கு அனுப்புவதில்லை என்று முடிவு செய்தது. கூப்பர் 1941இல் காலமானார். அவர் எழுதிய விண்ணப்பம் எவருக்கு எழுதப்பட்டதோ அவர் கண்ணிற் படவேயில்லை.

1963இல் வட பிரதேசத்தின் யிர்க்காலா என்னும் இடத்து யோல்ங்கு மக்கள், தம் நிலத்தில் பொக்சைற் அகழ்வதற்குத் தம்மைக் கேளாமலே அனுமதி வழங்கப்பட்டதைக் கண்டார்கள். மரப்பட்டையிலே தம் குலச் சித்திரங்களைத் தீட்டி, நடுவிலே தம் மொழியிலும் ஆங்கிலத்திலும் முறைப்பாட்டை ஒட்டி, பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1988இல் பருங்கா என்னும் ஊரிலே வைத்துப் பிரதம மந்திரி பொப் ஹோக்கிடம் இன்னொரு சாசனம் கையளிக்கப்பட்டது. உடன்படிக்கை ஒன்று செய்வோம் என்று அவர் வாக்களித்தார். அந்த உடன்படிக்கை நிறைவேறவில்லை.

அந்த மரப்பட்டை மனுவும் பருங்காச் சாசனமும் கன்பராவிலுள்ள பாராளுமன்றக் கட்டிடத்திலே காட்சிப் பொருள்களாக வைக்கப்பட்டன. வருவோரும் போவோரும் அவற்றின் அழகை வியக்கிறார்கள். மனுவைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். அதில் எழுதியதைச் சட்டமாக்கினார்களா?

சட்டத்தாற் பிறந்தது சட்டத்தால் இறந்தது

1901ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த அவுஸ்திரேலிய அரசியலமைப்பிலே, குடிசனத் தொகையைக் கணக்கிடும்போது ஆதிக்குடிகளைச் சேர்த்து எண்ணலாகாது என்று ஒரு பிரிவு இருந்தது. அந்த 127ஆம் பிரிவு 1967இல் நடந்த சர்வசன வாக்கெடுப்பினால் நீக்கப்பட்டது. ஆதிக்குடிகளுக்கென்று சட்டமியற்றும் அதிகாரமும் அன்றே சமஷ்டிப் பாராளுமன்றத்துக்குக் கிடைத்தது. அவ்வாண்டு நூற்றுக்கு 90 வீதத்துக்கு மேற்பட்டோர் "ஆம்" என்றார்கள். அந்நாட்டின் வரலாற்றிலே அதுபோன்ற ஏகோபித்த தீர்ப்பு வேறில்லை.

ஆனால், எண்ணிக்கையில் சேர்ப்பது வேறு, எண்ணத்தைக் கேட்பது வேறு. கேட்பதற்கென்று சில சபைகள் அமைக்கப்படாமல் இல்லை. 1973இல் ஓர் ஆலோசனைக் குழு அமைந்தது. அது சில ஆண்டுகளிலே மறைந்தது. அதன் இடத்தில் 1977இல் வந்த மாநாட்டுச் சபை 1985இல் மூடப்பட்டது. 1990இல் ஆதிக்குடிகள், டொறஸ் நீரிணைத் தீவினர் ஆணைக்குழு வந்தது. அதன் உறுப்பினர்களை ஆதிக்குடிகளே தேர்ந்தெடுத்தார்கள். அதன் நிர்வாகத்திலே குறைகள் இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. குறைகளைத் திருத்தாமல் 2005இல் சபையையே கலைத்துவிட்டார்கள். இரு பெருங் கட்சிகளும் அதற்கு உடன்பட்டன.

அதன் விளைவு என்ன? இரண்டே ஆண்டுகளில், 2007இல், வட பிரதேசத்தில் சிறுவர்கள் துன்புறுத்தப்படுகிறார்கள் என்ற காரணத்தைக் கூறி, அரசாங்கம் ஆதிக்குடிக் கிராமங்களுக்குப் படையினரையும் அதிகாரிகளையும் அனுப்பியது. இனப் பாகுபாட்டைத் தடுக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தை அந்நடவடிக்கைகளைப் பொறுத்தவரை நிறுத்திவைத்தது. மக்கள் பெற்ற உதவிப் பணத்திற் பாதியை எவ்வாறு செலவிடலாம் என்பதையும் தானே தீர்மானித்தது. சிறுவர்களைக் காக்க வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால், அந்தச் சிறுவர்களின் தாய்மாரைக் கலந்து பேச வேண்டாமா? அவர்கள் சார்பில் எழுந்து நின்று, "இது சரி, இது பிழை" என்று சொல்வதற்கு, தேர்ந்தெடுக்கப்பட்ட தேசிய சபை ஒன்று அப்போது இருக்கவில்லை.

இந்த அனுபவமே அம்மக்களுக்கு ஒரு பாடத்தைக் கற்பித்தது. சாதாரணச் சட்டத்தாற் பிறக்கும் சபை சாதாரணச் சட்டத்தாலேயே இறக்கும். ஆளுவோர் மனம் மாறினாலும் சபை மாறாதிருக்க வேண்டுமாயின், அதன் வேர் அரசியலமைப்பில் இருக்க வேண்டும். 2017ஆம் ஆண்டு மே மாதம், நாடெங்கும் நடந்த பன்னிரண்டு பிராந்திய ஆலோசனைகளின் பின்னர், உலுரு என்னும் செங்குன்றின் அருகே ஏறக்குறைய 250 பிரதிநிதிகள் கூடினார்கள். "இதயத்திலிருந்து எழும் பிரகடனம்" என்று பெயரிட்டு அவர்கள் வெளியிட்ட சாசனத்திலே முதலாவதாக நின்றது இக்கோரிக்கை. அதற்கு அவர்கள் இட்ட பெயர் "குரல்." உடன்படிக்கையும் உண்மையை வெளிக்கொணர்தலும் அதன் பின் வந்தன. அன்றைய பிரதம மந்திரி மல்கம் ரேண்புல்லின் அரசாங்கம் அதே ஆண்டு ஒக்டோபரில் அதனை நிராகரித்தது. 2022 மே மாதம் தேர்தலில் வென்ற தொழிற்கட்சித் தலைவர் அந்தனி அல்பனீஸ், வென்ற இரவிலேயே, அந்தப் பிரகடனத்தை முழுமையாக நிறைவேற்றுவேன் என்று உறுதியளித்தார்.

கேட்டது எவ்வளவு சிறிது!

சேர்க்கக் கருதிய 129ஆம் பிரிவு சொன்னது என்ன? "குரல்" என்றொரு சபை இருக்கும். ஆதிக்குடிகளைப் பற்றிய விடயங்களில் அது பாராளுமன்றத்துக்கும் அரசாங்கத்துக்கும் தன் கருத்தைத் தெரிவிக்கலாம். அச்சபையின் அமைப்பு, கடமை, அதிகாரம், நடைமுறை ஆகியவற்றைப் பாராளுமன்றமே சட்டத்தால் வகுக்கும். இவ்வளவுதான். சட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் கேட்கப்படவில்லை. பணத்தைப் பங்கிடும் அதிகாரம் கேட்கப்படவில்லை. சொல்வதற்கு உரிமை கேட்டார்கள். சொன்னதைக் கேட்டே தீரவேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை.

அந்நாட்டில் அரசியலமைப்பைத் திருத்துவது எளிதன்று. நாடு முழுவதிலும் பெரும்பான்மை வேண்டும்; அத்துடன் ஆறு மாநிலங்களில் நான்கிலேனும் பெரும்பான்மை வேண்டும். 2023 வரை நடந்த 44 வாக்கெடுப்புகளில் எட்டே வெற்றி பெற்றன. 1977இன் பின்னர் ஒன்றுமே வெல்லவில்லை. இரு பெருங் கட்சிகளும் உடன்படாத எந்தத் திருத்தமும் நிறைவேறியதில்லை. இம்முறை தேசியக் கட்சி 2022 நவம்பரிலும், பீற்றர் டட்டனின் தலைமையிலிருந்த லிபரல் கட்சி 2023 ஏப்பிரிலிலும் எதிர்ப்பென்று அறிவித்தன. தொடக்கத்திலே கருத்துக் கணிப்புகளில் பெரும்பான்மையாக நின்ற ஆதரவு, மாதத்துக்கு மாதம் தேய்ந்தது.

வாக்கெண்ணிய இரவிலே, மேற்கு அவுஸ்திரேலியாவின் வாக்குச்சாவடிகள் மூடப்படுவதற்கு முன்னரே முடிவு தெரிந்துவிட்டது. "வேண்டாம்" என்றோர் 60.06 வீதம், "ஆம்" என்றோர் 39.94 வீதம். ஆறு மாநிலங்களும் மறுத்தன. தலைநகர்ப் பிரதேசம் ஒன்றே ஏற்றது.

"தெரியாவிட்டால் மறுத்துவிடு"

தோழர்களே! மறுத்தவர்கள் எல்லோரையும் துவேஷிகள் என்று ஒதுக்கிவிட நான் ஆயத்தமாயில்லை. அது உண்மையுமன்று, நீதியுமன்று. அவர்கள் கூறிய நியாயங்களையும் எடுத்து நோக்குவோம்.

"ஒரு பிரசைக்கு ஒரு வாக்கு, ஓர் இனத்துக்கு மட்டும் தனிச் சபை அமைத்தால் நாடு பிளவுபடும்" என்றார்கள் சிலர். "ஆதிக்குடிகளில் பதினொருவர் ஏற்கெனவே பாராளுமன்றத்தில் இருக்கிறார்களே, வேறு குரல் எதற்கு?" என்றார்கள் சிலர். செனற் சபை உறுப்பினர் ஜசிந்தா நம்பிஜின்பா பிரைஸ், வொறன் மண்டீன் போன்ற ஆதிக்குடித் தலைவர்களே இந்தப் பக்கத்தில் முன்னின்றார்கள். மறுபுறத்திலே, செனற் சபை உறுப்பினர் லிடியா தோர்ப், "அதிகாரமற்ற ஆலோசனைச் சபை எமக்கு வேண்டாம், முதலில் உடன்படிக்கை செய்யுங்கள்" என்று வாதிட்டு மறுப்பைச் சேர்ந்தார். ஆதிக்குடிகள் அனைவரும் ஒரே குரலிற் பேசினார்கள் என்று எவரும் கூற முடியாது. ஒரு மக்கள் கூட்டத்திலே கருத்து வேற்றுமை இருப்பது குற்றமுமன்று.

இந்நியாயங்களுக்கு விடையும் உண்டு. பாராளுமன்றத்திலிருந்த அந்தப் பதினொருவரும் தத்தம் தொகுதிகளாலும் மாநிலங்களாலும் அனுப்பப்பட்டவர்கள். கட்சிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர்கள். சமத்துவத்தைப் பற்றிச் சொல்வதானால், 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஆதிக்குடிகளும் டொறஸ் நீரிணைத் தீவினரும் நூற்றுக்கு 3.2 வீதத்தினர். மூன்று பேர் தொண்ணூற்றேழு பேருக்கு எதிரே ஆளுக்கொரு வாக்கை வைத்துக்கொண்டு எதனைச் சாதிப்பார்கள்? தலையெண்ணிக் கிடைப்பது சமத்துவத்தின் தொடக்கம்; அதுவே அதன் முடிவாகிவிடாது. எனினும் இவை வாதங்கள். வாதத்துக்கு எதிர்வாதம் கூறலாம். இரண்டையும் கேட்டு மக்கள் தீர்மானிக்கலாம்.

ஆனால் இவை எல்லாவற்றையும் விட வலிமையாய் வேலை செய்தது ஒரு வாக்கியம். "தெரியாவிட்டால், வேண்டாம் என்று வாக்களி" என்பதே அது. இதனைச் சற்று நிறுத்தி எண்ணிப் பாருங்கள். ஒரு பிரசைக்குத் தெரியாத விடயம் இருக்கலாம், அது இயல்பு. அரசாங்கம் விவரங்களைப் போதிய அளவு விளக்கவில்லை என்ற குறைபாட்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால், தெரியாத ஒருவரிடம் "கேட்டுத் தெரிந்துகொள்" என்று சொல்வதே அரசியற் கல்வி. "தெரியாமலே இரு, அந்தத் தெரியாமையே உனக்குப் போதிய நியாயம்" என்று சொல்வது அரசியற் கல்வியாகாது. அறியாமை என்பது மனிதனுக்குள்ள குறை. அதனை ஒரு வாதமாக உயர்த்தி வைத்ததுதான் அந்தப் பிரசாரத்தின் பெருந் தீங்கு.

அறிந்தவர்கள் எப்படி வாக்களித்தார்கள்? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது நம்மவர் வாக்கு. வட பிரதேசத்தின் தொலைக் கிராமங்களிலே, நடமாடும் வாக்குச்சாவடிகளிலே, ஆதிக்குடிகள் பெரும்பான்மையாக வாழும் இடங்களிலே, நூற்றுக்கு எழுபது வீதத்துக்கு மேற்பட்டோர் "ஆம்" என்றார்கள். குவீன்ஸ்லாந்து மாநிலத்துப் பாம் தீவிலும் அவ்வாறே நடந்தது. எவருக்காகச் சபை அமைக்கக் கருதினார்களோ அவர்களிற் பெரும்பாலோர் அதை விரும்பினார்கள். அவர்களை ஒருநாளேனும் கண்டு பேசியிராத இலட்சக்கணக்கானோர், "எமக்குத் தெரியாது, ஆகவே வேண்டாம்" என்றார்கள். தெரிந்த சிலருக்குத் தெரியாத பலர் தீர்ப்பு வழங்கினார்கள்.

ஒரு வார மௌனம்

தீர்ப்பைக் கேட்ட நாடு எவ்வாறு நடந்துகொண்டது?

வென்ற பக்கத்தார், பிரிவினையை மக்கள் நிராகரித்துவிட்டார்கள் என்றும், நாட்டுக்குத் தேவையற்ற வாக்கெடுப்பு இது என்றும் கூறினார்கள். தாம் ஆட்சிக்கு வந்தால் ஆதிக்குடிகளை அரசியலமைப்பிற் பெயர் சொல்லி அங்கீகரிப்பதற்கு மட்டும் இன்னொரு வாக்கெடுப்பு நடத்துவோம் என்று முன்னர் உறுதி கூறிய டட்டன், முடிவு வந்த சில நாட்களிலேயே அவ்வுறுதியிலிருந்து பின்வாங்கினார். பிரதம மந்திரி அல்பனீஸ் மக்கள் தீர்ப்பை மதிப்பதாகக் கூறி, தோல்விக்கான பொறுப்பில் தம் பங்கையும் ஏற்றார்.

ஆதிக்குடித் தலைவர்கள் என்ன செய்தார்கள்? கல்லெறியவில்லை, கடையடைக்கவில்லை. அன்றிரவே ஓர் அறிக்கை விடுத்து, ஒரு வாரம் மௌனம் காப்போம் என்றார்கள். தம் கொடிகளை அரைக்கம்பத்திற் பறக்கவிட்டார்கள். குரல் கேட்டவர்களுக்குக் குரல் மறுக்கப்பட்டபோது, அவர்கள் மௌனத்தையே மறுமொழியாக்கினார்கள். பேராசிரியை மார்சியா லாங்டன் மட்டும், இணக்கம் என்பது இறந்துவிட்டது என்று அன்றிரவே மனம் நொந்து கூறினார். தம் வாழ்நாளில் நெடுங்காலம் இணக்கத்துக்காக உழைத்தவர் அவர். அந்தச் சொல்லின் கனம் அவ்வுழைப்பின் கனம்.

வாரம் முடிந்தபோது, பிரதம மந்திரிக்கும் பாராளுமன்ற உறுப்பினர் அனைவருக்கும் ஒரு பகிரங்கக் கடிதம் வெளியாயிற்று. அதில் எவருடைய கையொப்பமும் இருக்கவில்லை. பொய்யும் இனத் துவேஷமும் பிரசாரத்தில் கலந்திருந்தன என்று அது வருந்தியது. பெரும்பான்மையோர் செய்தது இழிவான செயல் என்று ஒளிவு மறைவின்றிக் கூறியது. கடுமையான சொற்கள்தாம். ஆனால் அதே கடிதம், எங்கள் உரிமை எவருடைய வாக்கினாலும் பிறந்ததன்று, ஆகவே எவருடைய வாக்கினாலும் அழியாது என்ற கருத்திலும் உறுதியாக நின்றது.

இன்னொரு செய்தியையும் இதனோடு சேர்த்துக் கூற வேண்டும். வாக்கெடுப்பு முடிந்த பின்னர் அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தார் மக்களிடம் ஆய்வு நடத்தினார்கள். ஆதிக்குடிகள் தம்மைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துக் கூற இடமிருப்பது முக்கியம் என்று நூற்றுக்கு 87 பேர் சொன்னார்கள்! என்னே விந்தை! கொள்கையை 87 பேர் ஏற்கிறார்கள். அதனைச் செயலாக்கும் ஏற்பாட்டை 60 பேர் மறுக்கிறார்கள். இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள பள்ளத்திலேதான் ஒரு மக்களின் நம்பிக்கை விழுந்து கிடக்கிறது. அப்பள்ளத்தைத் துவேஷம் மட்டும் தோண்டவில்லை. அறியாமையும் அச்சமும் சேர்ந்தே தோண்டின.

அதன் பின் நடந்தவை

ஒரு "வேண்டாம்" பல "வேண்டாம்"களை ஈன்றது. குவீன்ஸ்லாந்திலே உடன்படிக்கைக்கு வழிவகுத்த சட்டத்தை முன்பு ஆதரித்த எதிர்க்கட்சி, வாக்கெடுப்பு முடிந்ததும் அந்த ஆதரவை விலக்கிக்கொண்டது. 2024இல் ஆட்சிக்கு வந்ததும் அச்சட்டத்தை நீக்கி, உண்மையறியும் விசாரணையையும் நிறுத்தியது. 2025 ஏப்பிரில் 25ஆந் திகதி, போரில் இறந்தோரை நினைவுகூரும் வைகறை வேளையிலே, மெல்பேண் நகரில் ஆதிக்குடி முதியவர் ஒருவர் வரவேற்புரை கூறியபோது சிலர் கூச்சலிட்டு இகழ்ந்தார்கள். மரித்தோர் முன்னிலையிலும் மனிதப் பண்பு மறந்தது.

ஆனால் இருள் மட்டுமே கவிந்தது என்று சொல்லிவிட முடியாது. தென் அவுஸ்திரேலிய மாநிலம் 2023இல் தன் சொந்தச் சட்டத்தாலே ஒரு "குரல்" சபையை அமைத்தது. 2024 மார்ச்சிலே ஆதிக்குடிகள் அதற்கு வாக்களித்துப் பிரதிநிதிகளைத் தேர்ந்தார்கள். விக்டோரியா மாநிலத்திலே ஆதிக்குடிகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை அரசாங்கத்தோடு பல காலம் பேசி முடித்த உடன்படிக்கை, 2025இல் சட்டமாயிற்று. மௌனம் காத்தவர்கள் மௌனத்திலேயே இருந்துவிடவில்லை. மூடிய கதவை விட்டு, திறக்கக் கூடிய கதவைத் தேடிச் சென்றார்கள். இவையும் சாதாரணச் சட்டங்களே. நாளை ஓர் ஆட்சி வந்து நீக்கக் கூடியவையே. இதனை அம்மக்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். அறிந்துகொண்டே கட்டுகிறார்கள்.

நம்மவர்க்கு ஒரு சொல்

முடிவாக, அந்நாட்டிலே வாழும் நம்மவரைப் பற்றி ஒரு வார்த்தை. வாக்கு இரகசியமானது, நம்மவர் எப்பக்கம் வாக்களித்தார்கள் என்று இனவாரியாக எவரும் கணக்கெடுக்க முடியாது. ஆனால், பல தேசத்தவரும் குடியேறி வாழும் மேற்குச் சிட்னியின் பெரும்பாலான தொகுதிகள் "வேண்டாம்" என்றன என்பது மட்டும் வெளிப்படை. "நாங்களும் வந்தேறிக் கஷ்டப்பட்டு முன்னேறினோம், எங்களுக்கு எவர் தனிச் சபை தந்தார்கள்?" என்று அங்குள்ள ஒருவர் கேட்பாரானால், அக்கேள்வியை நான் புரிந்துகொள்கிறேன். ஆயினும் அவருக்கு ஒன்று சொல்வேன். நாம் ஒரு நாட்டை விட்டு அங்கே சென்றோம். அவர்களோ எங்கும் செல்லவில்லை. நாடுதான் அவர்களை விட்டுச் சென்றது. நம் வீட்டு நிலம் எவருடைய நிலமாயிருந்தது, அவர்கள் பேசிய மொழி எது, அந்த மொழி இன்று எவர் நாவில் இருக்கிறது என்று நம் பிள்ளைகள் அறிந்திருக்கிறார்களா? மொழியின் அருமையையும் மண்ணின் அருமையையும் எடுத்துச் சொல்லிப் பிள்ளை வளர்க்கும் நாம், இதனையும் சொல்லிக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் அல்லமா?

எனவே அன்பர்களே, கடிதம் எழுதும்போதும் தொலைபேசியிற் பேசும்போதும் அங்குள்ள உங்கள் பிள்ளைகளிடம் ஒன்று சொல்லுங்கள். "இப்படி வாக்களி, அப்படி வாக்களி" என்று சொல்ல வேண்டாம். அது அவர்களுடைய உரிமை. "தெரியாவிட்டால், தெரிந்துகொண்டு வாக்களி" என்று மட்டும் சொல்லுங்கள். இன்னொரு மக்களின் வாழ்வைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் உன் கைக்கு வரும்போது, முதலில் அவர்கள் வாசலிற் போய் நின்று அவர்கள் சொல்வதைக் கேள் என்று சொல்லுங்கள்.

வில்லியம் கூப்பரின் விண்ணப்பத்துக்கு இன்னும் மறுமொழி வரவில்லை. 2023ஆம் ஆண்டு வந்தது மறுப்பேயன்றி மறுமொழி அன்று. மறுமொழி கூற வேண்டுமானால், முதலில் விண்ணப்பத்தைப் படிக்க வேண்டும். அதைப் படிக்கும் நாள் வரும். அந்த நாளை விரைவில் கொண்டுவருவோரிலே நம் பிள்ளைகளும் இருப்பார்களாக.